வைக்கோல் நைனா

கண்ணுக்குள் ஒரு கதவு சாத்திக்கொண்டே இருக்கிறது, பாதி வெயிலும் பாதி தாடியுமாக ஒரு முகம் இடுக்கில் ஒடுங்கிக்கொண்டே போகிறது, தாழ்ப்பாள் இன்னும் விழவில்லை, அதற்குள் தம்பி தணிகாசலம் தோளைத் தொட்டு, அக்கா, நீதான் பாக்கி என்கிறான், ஜெகதாவின் கையில் பால் டம்ளர் இருக்கிறது, ஆறிப்போய் ஏடு கட்டிவிட்டது. கட்டிலில் கிடப்பது அவளைப் பெற்ற நைனா, சுபேதார் முனிரத்தினம், தொண்ணூற்றைந்து வயது, நாலு நாளாகச் சோறு தண்ணீர் இல்லை, மூச்சு மட்டும் இழுத்துக்கொண்டிருக்கிறது. காலையிலிருந்து பிள்ளை, பேரன் பேத்தி, பங்காளி வீட்டு மருமகள்கள் வரைக்கும் ஆளுக்கு ஒரு கரண்டி ஊற்றியாகிவிட்டது, உள்ளே போனது கொஞ்சம், கழுத்தில் வழிந்தது மீதி. யாருடைய கைப்பாலுக்கோ உயிர் காத்திருக்கிறது என்று ஊரில் சொல்வார்கள், யாருடைய கைக்கு என்று ஒருவரும் வாய்விட்டுச் சொல்லவில்லை, எல்லோரும் இவளைப் பார்க்கிறார்கள், அவ்வளவுதான். ஒரு தடவை அனுப்பி வைத்தது போதாதா, இன்னொரு தடவையும் நானேதானா என்று அவளுக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

முதல் தடவை அனுப்பியபோது அவளுக்கு ஏழு வயது. வேலூர்ப் பக்கத்தில் வீட்டுக்கு ஒருவர் பட்டாளத்தில் இருந்த ஊர், சீனச் சண்டை முடிந்து மற்ற வீடுகளுக்குக் கடிதாசி வர ஆரம்பித்த பிறகு இவர்கள் வீட்டுக்குத் தந்தி வந்தது, காணவில்லை என்றுதான் அதில் இருந்தது, பனிமலையில் காணவில்லை என்றால் வேறென்ன அர்த்தம் என்று பெரியவர்கள் தாங்களாகவே முடித்துவிட்டார்கள். தை வரைக்கும் பொறுத்தார்கள், பிறகு வைக்கோலைத் திரித்து ஆள் நீளத்துக்கு ஓர் உடம்பு கட்டி, நைனாவின் கோடு போட்ட சட்டையை அதற்கு மாட்டினார்கள், அம்மா எத்திராஜம்மாள் அந்தச் சட்டையின் மேல் விழுந்து அழுதாள், கொள்ளி வைக்கத்தான் ஆள் இல்லை. பங்காளிகள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள், பொணத்த யாரும் கண்ணால பாக்கல, நாளைக்கி அவன் உசுரோட வந்து நின்னா வெச்ச கை வெளங்காம பூடும் என்று சித்தப்பன் சொன்னது கூட்டத்துக்குள் நின்ற ஜெகதாவின் காதில் தெளிவாக விழுந்தது, அடுத்த நிமிஷம் அவளைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு போனவரும் அதே சித்தப்பன்தான். பெண் பிள்ளை சுடுகாட்டுக்குப் போகக்கூடாது என்பது அன்றைக்கு மட்டும் ஒருவருக்கும் ஞாபகம் வரவில்லை, அவரவர் கை அவரவருக்குப் பெரிது. அவள் வலது கையில் கொள்ளியைக் கொடுத்து வைக்கச் சொன்னார்கள், வைக்கோல் கண்மூடித் திறப்பதற்குள் எரிந்துபோனது, அவள் கையை முகர்ந்து பார்த்தாள், ராத்திரியெல்லாம் விரல்களை மடக்கி மடக்கிப் பார்த்தாள், வெளங்காமல் போவது என்றால் வலிக்குமா என்று யாரிடமும் கேட்கவில்லை.

ஆடி மாதம், நடுப்பகல், அம்மா கழனியில் இருக்கிறாள், வாசலில் நிழல் விழுகிறது. தாடி, பிடிக்கச் சதையில்லாத உடம்பு, சீனாக்காரன் காவலில் ஏழு மாசம் கிடந்து, பனிக்கு இரண்டு கால்விரலைக் கொடுத்துவிட்டு நொண்டி நொண்டி வந்த ஆள், பாப்பா என்கிறார், அந்த ஒரு குரல் போதும், அவளுக்குத் தெரிந்துவிட்டது, தெரிந்த அதே நொடியில் வலது கையைப் பாவாடைக்குள் ஒளித்துக்கொண்டாள், கதவைச் சாத்தித் தாழ் போட்டாள். ஊர் கூடிற்று. முனிரத்தினம்தான் என்பதில் பெரியவர்களுக்குச் சந்தேகமே இல்லை, ஆனால் கருமாதி முடிந்தவன் தானாக வாசற்படி மிதிக்கக்கூடாது, கொள்ளி வைத்த கையே மறுபடி பிடித்து உள்ளே கூட்டிப்போக வேண்டும், அதுதான் வழக்கம், கூட்டிக்கினு வாடி என்று அவளை முன்னே தள்ளினார்கள். அவள் வர மாட்டேன் என்றாள். இது எங்க நைனா இல்ல, எங்க நைனாவ நான் கொளுத்திட்டேன் என்று கத்தினாள், அம்மா அடித்தும் அதையே கத்தினாள். மூன்று நாள் அவர் தேர்க்கொட்டகையில் படுத்துக் கிடந்தார், சொந்த ஊரில், எட்ட வைத்துவிட்டுப் போன சோற்றைத் தின்றுகொண்டு, தாலி அறுத்துப்போட்ட பெண்டாட்டி தூரத்தில் நின்று பார்த்து அழ, நடுவில் ஒரு நாள் மழை வேறு பிடித்துக்கொண்டது. நாலாம் நாள் அவளை இழுத்துக்கொண்டு போய் அவர் முன்னால் நிறுத்தினார்கள், அவள் இடது கையை நீட்டினாள், கூட்டம் திட்டியது, அவர் ஒன்றும் கேட்காமல் அதைப் பிடித்துக்கொண்டு எழுந்தார்.

அன்றைக்கு அவர் சொன்ன வார்த்தைதான், பாவம், கொழந்த அது, தாடி இருந்துச்சி, அடையாளம் தெரியல, அதையே அம்மாவிடம் சொன்னார், மறுபடி தாலி கட்டிய பிறகு பிறந்த தணிகாசலத்திடம் சொன்னார், ஜெகதாவின் கல்யாணப் பந்தலில் சம்பந்தி வீட்டாரிடம் சொல்லிச் சிரித்தார். இன்னும் இரண்டு சண்டைக்குப் போய்த் திரும்பினார், சுபேதாராகி வீட்டுக்கு வந்தார், செத்ததாகச் சேதி வந்தவனுக்கு ஆயுசு கெட்டி என்பார்கள், அவருக்கு அது பலித்தது, என் கருமாதி சோறு துன்னவன்லாம் பூட்டான், நான் கீறேன் என்று கேலி பேசுவார், அந்தக் கேலிக்கு ஊரே சிரிக்கும், ஜெகதா மட்டும் எழுந்து உள்ளே போய்விடுவாள். அம்மா போய் இருபது வருஷம், அவருக்குப் பார்வை போய் எட்டு வருஷம், வாரம் தவறாமல் பஸ் ஏறி வந்து அவருக்கு நகம் வெட்டிவிடுவாள், அந்த மூன்று விரல் காலை மடியில் வைத்துக்கொண்டு இன்றைக்குச் சொல்லிவிடலாம் என்று நினைப்பாள், அடுத்த வாரம் சொல்லிக்கொள்ளலாம் என்று திரும்பிவிடுவாள். அடையாளம் தெரியாத குழந்தையை அவர் மன்னித்துவிட்டார், தெரிந்தே சாத்தியவளை அவருக்குத் தெரியாது, இந்த ஒரு டம்ளர் பாலை ஊற்றிவிட்டால் இனி எந்தக் காலத்திலும் தெரியப்போவதில்லை.

அக்கா, எவ்ளோ நேரம், கஷ்டப்படறாரு பாரு என்கிறான் தணிகாசலம். அவள் டம்ளரை ஜன்னலில் வைத்துவிட்டு, அத்தனை பேரும் நிற்கும்போதே கட்டிலில் ஏறி உட்கார்ந்து, அவர் காதில் வாயை வைக்கிறாள். அன்னைக்கி உன்ன எனக்குத் தெரிஞ்சிச்சி, தாடியால இல்ல, தெரிஞ்சிதான் கதவ சாத்தனேன், என் கை பூடுமேன்னு பயந்துக்கினு சாத்தனேன் என்று சொல்லி முடிப்பதற்குள் அறுபத்தொன்பது வயதுக்காரி ஏங்கி ஏங்கி அழுகிறாள்.

இழுப்பு நின்றது, போய்விட்டார் என்றே அவள் நினைத்தாள். பிறகு உதடு அசைந்தது, அவள் காதைக் கொண்டுபோனாள்.

எனக்குத் தெரியாதா, நைனான்னு கூப்ட்டியே, அப்பறந்தானே சாத்தன.

அவளுக்கு அது ஞாபகம் இல்லை. அறுபத்திரண்டு வருஷமாக அந்தக் கதவை அவள் தினமும் சாத்தியிருக்கிறாள், ஒரு நாளும் அந்தச் சத்தம் கேட்டதில்லை, இப்போது கேட்கிறது, வெயிலில் நிற்கிற அந்த முகத்தைப் பார்த்து ஏழு வயதுக்காரி நைனா என்கிறாள், வாய் நிறையச் சொல்கிறாள், அந்த முகம் மலர்கிறது, அதற்குப் பிறகுதான் கதவு அசைகிறது. இன்னா சொன்னாரு, இன்னா சொன்னாரு என்று சுற்றிலும் கேட்கிறார்கள். அவள் டம்ளரை எடுத்து ஏட்டை விரலால் ஒதுக்கினாள், நைனா என்று கூப்பிட்டாள், ஊற்றினாள், ஒரு சொட்டும் வெளியே வழியவில்லை.