நாற்பத்து மூன்றாம் எண்ணின் குரல்

ஐந்தாவது செமஸ்டர் தொடங்கிய மூன்றாவது வாரத்தில், ஒரு செவ்வாய்க்கிழமை காலை ஒன்பது ஐந்துக்கு, நாற்பத்து மூன்றாம் எண் மாணவனின் குரல் அவன் துணையில்லாமல் வகுப்புக்குப் போய் வருகை சொல்லிவிட்டு வந்தது. அந்த நேரத்தில் அவன் ஹாஸ்டல் அறைத் தரையில் மல்லாந்து படுத்து, உடைந்த மூன்று நாற்காலிகளில் தேறியதை எடுத்து ஒரு முழு நாற்காலி செய்துகொண்டிருந்தான். பள்ளிக்கூடத்திலிருந்து வந்த பழக்கம், ஒன்பது ஐந்து ஆனதும் பல்லிடுக்கில் திருகாணியைக் கடித்தபடியே உதடு தானாக ‘உள்ளேன் ஐயா’ என்று அசைந்தது. சத்தம் வரவில்லை. விக்கல் சட்டென்று நின்றால் தொண்டை ஒரு மாதிரி காலியாக இருக்குமே, அப்படி இருந்தது. குரல் ஜன்னல் வழியாக இறங்கி, சைக்கிள் நிறுத்தத்தைத் தாண்டி, மைதானத்தின் குறுக்கே போய், பன்னிரண்டாம் எண் அறையின் ஜன்னலோர மூன்றாவது பெஞ்சிலிருந்து பதில் சொன்னது. பேராசிரியர் பதிவேட்டிலிருந்து தலையைத் தூக்குகிற வழக்கம் இல்லாதவர். ஒரு டிக் போட்டுவிட்டு நாற்பத்து நான்கைக் கூப்பிட்டார். மதியம் குரல் திரும்பி வந்தபோது அதில் கொஞ்சம் சாக்பீஸ் தூள் ஒட்டியிருந்தது. அவன் இருமினான், தண்ணீர் குடித்தான், மறுபடி திருப்புளியை எடுத்தான்.

அவனை எல்லோரும் முக்கால் என்றுதான் கூப்பிடுவார்கள். எதைத் தொட்டாலும் முக்கால்வாசியில் விட்டுவிடுவான் என்பதற்காக அறைத்தோழன் தடியன் வைத்த பெயர் அது. தடியன் அடுத்தவருக்குப் பெயர் வைப்பதில் கெட்டிக்காரன், தன் துணியை மடித்து வைப்பதில் அந்தக் கெட்டிக்காரத்தனம் கிடையாது. முக்கால் செய்த நாற்காலிக்கு மூன்று கால்கள்தான் இருந்தன. கீழ்த்தளத்தில் உள்ள இரண்டு வாஷிங் மெஷின்களில் எது காலி என்று மேலிருந்தே காட்டுவதற்கு அவன் ஒரு விளக்குப் பெட்டி செய்திருந்தான். அதில் ஒரு விளக்கு ஒழுங்காக எரிந்தது, இன்னொன்று எப்போது பார்த்தாலும் காலி என்றே காட்டியது. அதை நம்பி அழுக்குத் துணி மூட்டையோடு நான்கு மாடி இறங்கி ஏமாந்தவர்கள் அவனை வாய்க்கு வந்தபடி திட்டினார்கள். இது தவிர வளாகத்தில் எந்த மணிக்கு எந்த இடத்தில் நிழல் விழும் என்று ஒரு வரைபடம். விளையாட்டாக ஆரம்பித்ததை, வேறு எதுவும் கைவசம் இல்லாததால், இறுதியாண்டு ஆய்வாகவே புவியியல் துறையில் பதிந்துவிட்டான். வடக்கு, கிழக்கு, தெற்கு முடிந்துவிட்டன. மேற்கு அப்படியே கிடந்தது. இந்த வேலைகள் மேல் அவனுக்கு உண்மையிலேயே ஆசைதான். முடிக்கிற கட்டம் வந்ததும் அந்த ஆசை எங்கே போய் ஒளிந்துகொள்கிறது என்பது மட்டும் அவனுக்கே விளங்கவில்லை.

அவனுடைய அம்மா வேறொரு ஊரில், ஒரு மருத்துவமனையின் தையல் அறையில் படுக்கை விரிப்புகள் தைத்துக்கொண்டிருந்தாள். ஒவ்வொரு ஞாயிறும் நாலு மணிக்கு ஃபோன் செய்வாள். அவன் ‘ம்’ என்பான், ‘சாப்பிட்டேன்’ என்பான், ‘அப்புறம் கூப்பிடுறேம்மா’ என்று வைத்துவிடுவான். பெற்ற பிள்ளையிடமிருந்து நாலு வார்த்தை வாங்க முடியவில்லை, பேசவே மாட்டேன் என்கிறான் என்று அவள் பக்கத்துத் தையல் மெஷின்காரியிடம் சொல்லிச் சொல்லி ஆற்றிக்கொள்வாள். உண்மையில் அவனுக்கு அவளிடம் சொல்ல ஒரே ஒரு விஷயம் இருந்தது. எதையுமே முடிக்கவில்லை, பட்டம் இல்லாமல் வீட்டுக்கு வந்து நிற்பேனோ என்று பயமாக இருக்கிறது என்பதுதான் அது. ஒரு வருடமாக ஒவ்வொரு ஞாயிறும் அது நாக்கு நுனி வரை வந்தது. வந்த வழியே திரும்பிப் போனது.

குரல் தனியாகப் போய்வருவதை முதலில் அவன் அதிர்ஷ்டம் என்றே எடுத்துக்கொண்டான். அட்டெண்டன்ஸ் குறைந்தால் தேர்வு எழுத விடமாட்டார்கள், அவனுக்கு ஏற்கெனவே கழுத்துவரை குறைந்திருந்தது. “கிளாஸுக்கு வந்தியேடா, எங்க உக்காந்திருந்த? தேடிப் பாத்தேன், காணோம்” என்று தடியன் கேட்டான். அதற்கு மேல் அவனும் மண்டையை உடைத்துக்கொள்ளவில்லை. நாற்பத்து நான்காம் எண் மாணவி மட்டும், காலியான பெஞ்சுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பாடம் கேட்பது சங்கடமாக இருக்கிறது என்று துறை அலுவலகத்தில் எழுதிக் கொடுத்தாள். அலுவலக எழுத்தர் விதிப் புத்தகத்தைத் தூசி தட்டிப் புரட்டினார்.

“கூப்பிட்டா பதில் சொல்லணும்னுதாம்மா இதுல இருக்கு. பதில் வந்துருச்சுல்ல? ஆளும் கூடவே வரணும்னு எங்க போட்டிருக்கு, நீயே காட்டு.”

பிறகு மூன்று பேர் கொண்ட குழு ஒன்று அமைத்தார்கள். குழு இரண்டு முறை கூடியது. குரலின் வருகை செல்லும், செய்முறை வகுப்புக்குக் கை தேவை என்பதால் அதற்கு மட்டும் ஆளும் வரவேண்டும் என்று அறிவிப்புப் பலகையில் ஒட்டினார்கள். அடுத்த வாரம் அதன் மேல் பேட்மின்டன் போட்டி அறிவிப்பு ஒன்றை ஒட்டினார்கள்.

அந்த செமஸ்டர் முழுக்கக் குரல் மதியம் திரும்பியது, அடுத்ததில் மாலையில் திரும்பியது. வகுப்பில் அது கேள்வி கேட்க ஆரம்பித்தது; மூன்று வருடத்தில் அவன் கேட்டதைவிட ஒரே வாரத்தில் அது கேட்டது அதிகம். பேச்சுப் போட்டியில் இரண்டாம் பரிசு வாங்கியது. கோப்பையைப் பிடிக்க அதற்குக் கை இல்லாததால் காவலாளி கொண்டுவந்து அறையில் வைத்துவிட்டுப் போனார், தடியன் அதில் சாவிகளைப் போட்டு வைத்தான். கேன்டீன்காரர், வழிகாட்டிப் பேராசிரியர், நூலகர் என்று எல்லோரிடமும் அது சிரித்துப் பேசியது. பிறகு ஒரு ஞாயிறு நாலு மணிக்கு ஃபோன் அடித்தது. அவன் எடுத்துக் காதில் வைப்பதற்குள் குரல் அந்தப் பக்கத்தில் அம்மாவோடு பேச ஆரம்பித்திருந்தது. அவளுடைய கண் வலியை விசாரித்தது, முழங்காலுக்கு வெந்நீர் ஒத்தடம் கொடுக்கிறாளா என்று கேட்டது, பக்கத்து மெஷின்காரியின் மகளுக்கு வேலை கிடைத்ததா என்பதுகூட அதற்கு ஞாபகம் இருந்தது. நாற்பது நிமிடம். அம்மா வாய்விட்டுச் சிரித்தாள். அவன் அடுத்த வீட்டுச் சுவரில் காது வைத்தவன் மாதிரி ஃபோனைப் பிடித்துக்கொண்டு நின்றான். வெட்கமாக இருந்தது, அதைவிடப் பொறாமையாக இருந்தது. அன்று குரல் திரும்பவில்லை. மறுநாளும் திரும்பவில்லை.

அவன் தேடாமல் இல்லை. தொண்டை டாக்டர் விளக்கடித்துப் பார்த்துவிட்டு, “சுத்தமா இருக்கு தம்பி, வாடகைக்கு விடலாம்” என்று அனுப்பிவிட்டார். வகுப்புக்கே நேரில் போனான். நாற்பத்து மூன்று என்று கூப்பிட்டதும் எழுந்து நின்று வாயைத் திறந்தான். பதில் ஜன்னல் பக்கத்திலிருந்து வந்தது. பேராசிரியர் அன்றைக்குத்தான் தலையைத் தூக்கினார். “அந்தப் பையன் பேசும்போது வாயசைச்சுக் கேலி பண்ணாதீங்க. உக்காருங்க” என்றார். எல்லோரும் சிரித்தார்கள், குரலும் சிரித்தது. அது கேலிச் சிரிப்பு இல்லை, பழைய நண்பனைப் பார்த்த சிரிப்பு. அதுதான் அவனுக்குத் தாங்கவில்லை. அம்மாவுக்குக் குறுஞ்செய்தி எழுதினான்: அம்மா, உன்னிடம் பேசுவது நான் இல்லை, நான் ஒன்றும் முடிக்கவில்லை, எனக்குப் பயமாக இருக்கிறது. ஒரு வருடம் சொல்ல முடியாததை இரண்டு வரியில் அனுப்பிவிட்டு, ஃபோனைக் கையிலேயே வைத்துக்கொண்டு இரண்டு நாள் காத்திருந்தான். ஞாயிறு அவள் அதைப் படித்துக் காட்டி, என்னடா இது என்று குரலிடமே கேட்டாள். “யாரோ விளையாடுறாங்கம்மா, நீ கண்டுக்காத” என்றது குரல். அவள் நிம்மதியானாள்.

ஆய்வின் வாய்மொழித் தேர்வுக்கு மூன்று வாரம் இருந்தபோது, குரல் இல்லாமலாவது ஒன்றை முடித்துக் காட்டவேண்டும் என்று அவன் வெறிகொண்டு மேற்குப் பக்கத்தை அளக்க ஆரம்பித்தான். காலை முதல் மாலை வரை நாடாவும் சுண்ணாம்புக் கட்டியுமாக அலைந்தான். நீர்த்தொட்டிக்குப் பின்னால் ஒரு துண்டு மட்டும் பாக்கி இருந்தது, தேர்வு நாள் வந்துவிட்டது. ஒரு பெரிய தாளில், ‘இந்த ஆய்வு என்னுடையது, இன்னும் முழுதாக முடியவில்லை’ என்று எழுதி எடுத்துக்கொண்டு போனான். அறைக்குள் குரல் ஏற்கெனவே தேர்வாளர்களுக்கு வணக்கம் சொல்லிக்கொண்டிருந்தது. வழிகாட்டிப் பேராசிரியருக்கு ஆறு மாதமாகக் குரலைத்தான் பழக்கம். வாசலில் நின்றவனைப் பார்த்து, “புரொஜெக்டர் பாக்க வந்தவரா? சீக்கிரம் பாருங்க, படம் ஆடுது” என்றார். அவன் தாளை நீட்டினான். வெளியூர்த் தேர்வாளர் அதை வாங்கி, படிக்காமலே மடித்துத் தேநீர்க் கோப்பைக்கு அடியில் வைத்துக்கொண்டார். என்ன செய்வது என்று தெரியாமல் அவன் பெஞ்சில் ஏறிப் புரொஜெக்டரைச் சரிசெய்தான். படம் ஆடாமல் நின்றது. முக்கால் முழுசாக முடித்த ஒரே வேலை அதுதான் என்று தடியன் பல வருடம் கழித்தும் சொல்லிக்கொண்டிருந்தான். அவன் பெஞ்சிலிருந்து இறங்குவதற்குள் குரல் மேற்குப் பக்கத்துக்கு வந்திருந்தது. மாலை நாலு மணிக்கு நீர்த்தொட்டியின் நிழல் நூலகத்தின் மூன்றாவது படி வரை வரும் என்று, அளந்தவன் மாதிரி அடித்துச் சொன்னது. பச்சைப் பொய். தேர்வாளர்கள் தலையாட்டி மதிப்பெண் போட்டார்கள். நாலு மணிக்கு அவன் நூலகத்துக்குப் போய்ப் பார்த்தான். அதற்கு முன் அந்தப் பக்கமே வராத நிழல், மூன்றாவது படியில் கோடு போட்டதுபோல் விழுந்திருந்தது. நாடா பிடித்து அளக்கவேண்டிய தேவையே இல்லை என்பதால் அவன் அதைச் சுருட்டிப் பையில் வைத்துக்கொண்டான்.

பட்டம் குரலுக்குக் கிடைத்தது. தாளில் இருந்தது அவன் பெயர்தான். வேலையும் குரலுக்குத்தான் கிடைத்தது. ஒரு பெரிய நிறுவனத்தில் வாடிக்கையாளர்களின் குறைகளைத் தொலைபேசியில் கேட்டு, சரியாகிவிடும் என்று சொல்கிற வேலை. முக்கால் மூன்று கால் நாற்காலியைத் தோளில் போட்டுக்கொண்டு பஸ் ஏறி வீட்டுக்குப் போனான். போய்ச் சேர்ந்தபோது ஞாயிற்றுக்கிழமை, மணி நாலு பத்து. கதவு சும்மா சாத்தியிருந்தது. அம்மா தையல் மெஷின் பக்கத்தில் உட்கார்ந்து ஃபோனில் பேசிக்கொண்டிருந்தாள். அவனைப் பார்த்ததும் அவள் முகம் மலர்ந்தது. பெற்றவளுக்கு ஆளைத் தெரியாதா. வா வா என்று கையால் கூப்பிட்டாள், தலையைத் தடவினாள், இளைத்துவிட்டான் என்று கண்ணாலேயே வருத்தப்பட்டாள். பிறகு உதட்டில் விரலை வைத்துக் காட்டிவிட்டுப் பேச்சைத் தொடர்ந்தாள்.

அதன் பிறகு அந்த வீட்டில் அதுவே வழக்கமாகிவிட்டது. அவன் மருத்துவமனையில் சக்கர நாற்காலிகளைப் பழுது பார்க்கிற வேலைக்குப் போனான். அங்கேயும் அவன் கை பட்ட நாற்காலிகள் லேசாக ஒரு பக்கம் இழுத்தன, நோயாளிகள் பழகிக்கொண்டார்கள். முடி நரைத்தது. சொல்ல இருந்த அந்த ஒரு விஷயம் பழசாகி, இனி சொன்னாலும் யாருக்கும் ஒன்றுமில்லை என்று ஆகிவிட்டது. ஞாயிறு நாலு மணிக்கு மட்டும் அவன் எங்கும் போவதில்லை. குரல் வயசாகாமல் இருந்தது, அடுத்த மாதம் வருகிறேன் என்று ஒவ்வொரு மாதமும் சொன்னது. ஒரு முறை அது, “பக்கத்துல யாரும்மா, மூச்சு விடுற சத்தம் கேக்குது?” என்று கேட்டது.

“வேற யாரு, நீதாண்டா.”

“அப்படியா? நல்லா இருக்கானா?”

அம்மா அவனை ஒரு தரம் ஏற இறங்கப் பார்த்தாள்.

“இருக்கான். பேசவே மாட்டேங்கிறான். அது கிடக்கட்டும், நீ சொல்லு” என்று ஃபோனை அடுத்த காதுக்கு மாற்றிக்கொண்டாள். பேச்சு சரியாகக் கேட்காததால் அவன் மூன்று கால் நாற்காலியை, காலால் முட்டுக் கொடுத்தபடி, கொஞ்சம் அவள் பக்கமாக நகர்த்திப் போட்டு உட்கார்ந்தான்.