கதவின் பாதியில் நின்ற வார்னிஷ்

இன்னும் கொஞ்சம் நெருங்கி உட்காருங்கள், என் தங்கங்களே. ஒரு பழைய அலமாரியின் கதை வைத்திருக்கிறேன். சின்னக் கதைதான், குரலை உயர்த்தாமலே சொல்லிவிடலாம்.

கூடத்தில் அக்காவைக் கிடத்தியிருந்தார்கள். தங்கை பின்னறைக் கதவைத் தள்ளிக்கொண்டு நுழைந்தபோது, அத்தான் கையில் பிரஷ்ஷோடு அலமாரியின் முன்னால் குந்தியிருந்தார். பெண்டாட்டி போய் ஐந்து மணி நேரம் ஆகவில்லை. மனுஷர் வார்னிஷ் அடித்துக்கொண்டிருந்தார்.

தங்கைக்கு வீட்டில் சிஐடி என்று பேர். சர்க்கரை டப்பாவின் மூடி ஒரு சுற்று குறைவாகத் திருகியிருந்தாலும் யார் கை என்று சொல்லிவிடுவாள். அவள் கண் நேராக ஜன்னலுக்குப் போனது. இப்போது திறந்திருந்தது. ஆனால் சட்டத்தைச் சுற்றிலும் ஒட்டுத்தாள் கிழிந்து தொங்கியது. கதவிடுக்கில் திணித்த பழைய புடவை ஒன்று மூலையில் கசங்கிக் கிடந்தது. காலையில் இந்த அறையைக் காற்றுப் புகாமல் அடைத்திருக்கிறார்கள். உள்ளே வார்னிஷ் நெடி, உள்ளே இளைப்புக்காரி அக்கா.

யார் அடைத்தது?

அக்காவின் பழைய சாமான் பைத்தியம் அத்தானுக்கு ஆகாது. யாரோ கழித்துப்போட்ட நாற்காலியை அவள் தூக்கிவந்து, நாள் கணக்கில் உப்புத்தாள் போட்டுத் தேய்ப்பாள். இவர் மூக்கைப் பொத்திக்கொண்டு வாசலில் நிற்பார். நெடி வீட்டுக்குள்ளும் வாசலுக்கும் வரக்கூடாது என்று இவர்தான் அடைத்திருக்க வேண்டும். இப்போது எதையோ மறைக்கப் பூசுகிறார். எல்லாம் பொருந்தி வந்தது அவளுக்கு.

"ஜன்னலை யாரு அத்தான் அடைச்சது?"

"அவதான்." அவர் திரும்பவில்லை.

"இளைப்பு இருக்கிறவ தானே அடைச்சுக்குவாளா? யார்கிட்ட கதை விடுறீங்க?"

அவர் பிரஷ்ஷை டப்பா விளிம்பில் வழித்தார். மறுபடியும் வழித்தார். சொல்லாமல் விட்டுவிடப் பார்க்கிறார் என்று தெரிந்ததும் அவளுக்குச் சந்தேகம் இன்னும் இறுகியது. ஏன் அடைத்தாள் என்று அவள் விடாமல் கேட்டாள்.

"தூசி படியும்னு," என்றார் கடைசியில். "உனக்குக் குடுத்த நாற்காலில பத்து இடத்துல தூசி ஒட்டியிருக்குன்னு நீ போன்ல சிரிச்சியே. இதுவும் உனக்குத்தான். சிஐடி கண்ணுல ஒண்ணுகூட மாட்டக்கூடாதுன்னு ஒட்டினா. நான் கத்திப் பாத்தேன். வெளிய போய் பேப்பர் படிங்கன்னு துரத்திட்டா. பிரஷ் விழுந்த சத்தம் கேட்டுத்தான் ஓடி வந்தேன்."

கூடத்தில் யாரோ மெதுவாக இருமினார்கள். உண்மையில் அந்த நாற்காலியில் பதினேழு புள்ளிகள். அக்கா மனசு நோகுமே என்று தங்கை பத்து என்று சொல்லியிருந்தாள்.

ஒரு கதவை ஆரம்பித்தால் ஈரம் காய்வதற்குள் முடித்துவிட வேண்டும், பாதியில் விடக்கூடாது என்று அக்கா எப்போதும் சொல்வாளாம். அதனால்தான் பிரஷ்ஷை எடுத்தேன், வேறென்ன செய்வதென்று தெரியவில்லை என்றார் அவர். பிறகு கொஞ்சம் நகர்ந்து உட்கார்ந்தார்.

அக்கா பூசிய பாதி கண்ணாடிபோல் இருந்தது. அதன் கீழே அவர் பூசியது திட்டுத் திட்டாக வழிந்திருந்தது. இரண்டுக்கும் நடுவில், ஒரு விரல் அகலத்தில், பழுப்பாக ஒரு கோடு.

"சேர்ந்த இடம் தெரியுதா?" என்று கேட்டார்.

அவள் குனிந்து பார்த்தாள். நெடுநேரம் பார்த்தாள்.

"ஒண்ணும் தெரியல, அத்தான்."

அவ்வளவுதான், கண்ணுகளா. உங்கள் வீட்டில் குறை சொல்லிச் சிரிக்கிற வாயும், அதற்குத் திருப்பித் திட்டுகிற வாயும் நெடுநாள் நிறைந்திருக்கட்டும்.