தேய்ந்த காசு

சிவசங்கரிக்குத் தேய்ந்த காசுகள்தான் பிடிக்கும். ராஜாவின் மூக்கும் கிரீடமும் மழுங்கி, அது ராஜாவா ராணியா என்றே தெரியாத அளவுக்கு வந்திருந்தால் கையில் எடுப்பாள். சித்தூர் மார்க்கெட் ஓரத்தில் பழைய காசுகளைத் தார்ப்பாயில் பரப்பி விற்கும் சலீமுக்கு இது முதலில் விளங்கவில்லை.

“எல்லாரும் எழுத்து தெளிவா கீறதா பாத்து எடுத்துக்கினு போறாங்க. நீ இன்னாம்மா, கழிச்சுப் போட்டதையே பொறுக்கிக்கினு இருக்க?”

“இதுங்கதான் பாய் ஊரெல்லாம் சுத்திட்டு வந்ததுங்க. மத்ததெல்லாம் பொட்டியிலயே தூங்கினதுங்க.”

அன்றிலிருந்து சலீம் விலை போகாத காசுகளை அவளுக்கென்று ஒரு பிஸ்கட் டப்பாவில் போட்டு வைக்க ஆரம்பித்தார்.

அவளுக்குச் சொந்த ஊர் சித்தூர் பக்கத்துக் குடிபாலா; அம்மா வீட்டுக்கு வரும்போதெல்லாம் சலீமிடம் போவாள். கல்யாணமாகித் திருப்பதிக்கு வந்தாள். அங்கிருந்து கம்பெனி பஸ்ஸில் ஸ்ரீசிட்டிக்குப் போய், செல்போனுக்கு உதிரிப் பாகம் செய்யும் தொழிற்சாலையில் வேலை பார்த்தாள். அங்கே எதையும் வெறுங்கையால் தொடக் கூடாது. நாள் முழுக்கக் கையுறை. வீட்டுக்கு வந்ததும் முகம் கழுவிக்கொண்டு ஒரு காசை எடுப்பாள். இல்லாவிட்டால், மடித்து மடித்துப் பழம்புடவை போல மெத்தென்று ஆகிவிட்ட இரண்டு ரூபாய் நோட்டு ஒன்றை எடுப்பாள். விரல்களுக்கு நடுவே அதை வைத்துக்கொண்டு டிவி பார்ப்பாள்.

அவள் கணவன் சுதீருக்கு பைக் ஷோரூமில் வேலை. வண்டியை டெலிவரி கொடுப்பதற்கு முன் முகம் பார்க்கும்படி துடைத்து வைப்பது அவன் பொறுப்பு. கல்யாண நாளுக்கு மனைவிக்குப் பிடித்த மாதிரி ஏதாவது செய்ய வேண்டும் என்று நெடுநாள் யோசித்தான். கடைசியில் காசுகளைப் பாத்திரக் கடையில் கொடுத்து பாலிஷ் போட்டான். நோட்டுகளை ஜெராக்ஸ் கடையில் லேமினேஷன் செய்தான். தாம்பாளத்தில் சிவப்புத் துணி விரித்து, எல்லாவற்றையும் அடுக்கி அவள் முன்னால் வைத்தான். காசுகள் கண்ணைக் கூச வைத்தன. மிச்சமிருந்த ஒன்றிரண்டு மூக்குகளும் போயிருந்தன.

“எப்டி? புதுசு மாதிரி இல்ல?”

“ஆமாங்க,” என்றாள் சிவசங்கரி. “புதுசு மாதிரிதான் கீது.”

அவனுக்குக் கேசரி வைத்துக் கொடுத்தாள். அதன் பிறகு சாப்பாடு, தண்ணீர், கேஸ் சிலிண்டர் தவிர வேறு எதைப் பற்றியும் பேசவில்லை. மனைவி சந்தோஷத்தில் வாயடைத்துப் போயிருக்கிறாள் என்று சுதீர் ஷோரூமில் எல்லோரிடமும் சொன்னான்.

பஸ்ஸில் பக்கத்து இருக்கைக்காரி கோவிந்தம்மாளிடம் மட்டும் அவள் வாய் திறந்தாள். ஒரு காலணாவைக் காட்டினாள். அதை வாங்கிப் பார்த்த கோவிந்தம்மாள், வழக்கம்போல் அப்படியே தூங்கிப்போனாள். வேலைக்கு இறங்கும்போதுதான் கையைத் திறந்தாள். வேர்வை பட்டு, பளபளத்த செம்பில் அவளுடைய பெருவிரல் பழுப்பாகப் பதிந்திருந்தது.

“ஐயையோ, அழுக்காயிடுச்சேடி!”

“நல்லதா போச்சுக்கா. நாளைக்கும் வெச்சுக்கினு தூங்கு.”

மறுநாள் தாம்பாளத்தில் இருந்த காசுகள் பஸ் முழுக்கப் போயின. யாரும் கழுவக் கூடாது, பத்திரப்படுத்தக் கூடாது என்பது மட்டும்தான் நிபந்தனை. சிலர் இடுப்பில் செருகினார்கள், சிலர் சாப்பாட்டுப் பையில் போட்டார்கள். வெயில் காலம் என்பதால் வேலை சுருக்காக நடந்தது. மாம்பழம் வந்து போவதற்குள் காசுகள் கறுக்கத் தொடங்கின. சிவசங்கரிக்கும் பேச்சு திரும்பியது.

விஷயம் தெரிந்ததும் சுதீர் அவள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான்.

“நான் தொடச்சது தப்பா சங்கரி?”

“எத்தினி பேர் கைய தாண்டி வந்துச்சோ. நீங்களும் ஒரு கைன்னு வெச்சுக்கறேன்.”

“அப்போ நோட்டு?”

“அத பத்திப் பேசாதீங்க.”

அவனும் ஒரு காசு கேட்டு வாங்கிப் பேன்ட் பாக்கெட்டில் போட்டுக்கொண்டான். மெழுகும் பாலிஷும் ஊறிய கை அது. அந்தக் காசு மட்டும் நாளுக்கு நாள் மின்னியது. சிவசங்கரி அதை வாங்கிக் கோவிந்தம்மாளிடம் கொடுத்துவிட்டாள்.

ஆடி மாதத்தில் ஒருநாள் பவ்யா அழுதுகொண்டே பஸ்ஸில் ஏறினாள். கூட்டத்தில் அவள்தான் சின்னவள். அவளிடம் இருந்தது தாமரைப்பூ போட்ட பித்தளை இருபது பைசா. முந்தைய நாள் நாராயணவனத்தில் பஸ் நின்றபோது, அவசரத்தில் அதை ஐந்து ரூபாய் என்று நினைத்து டீக்கடையில் கொடுத்துவிட்டாளாம். பஸ் அங்கே நின்றதும் பவ்யா, சிவசங்கரி, கோவிந்தம்மாள் மூவரும் இறங்கி ஓடினார்கள். கடைக்காரி மணியம்மா பால் ஆற்றிக்கொண்டிருந்தாள்.

“அந்தக் காசா? நேத்தே ஒரு லாரிக்காரருக்குச் சில்லறையில போயிடுச்சே. அவரும் வாங்கிக்கினு பூட்டாரு.”

“அது செல்லாத காசும்மா!” என்றாள் பவ்யா.

“யாருமா சொன்னது? உங்கிட்ட செல்லுச்சு, எங்கிட்ட செல்லுச்சு, அவருகிட்டயும் செல்லுச்சு.”

சிவசங்கரி ஒரு கணம் மணியம்மாவையே பார்த்தாள். பிறகு பெஞ்சில் உட்கார்ந்து சிரிக்க ஆரம்பித்தாள். கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தாள். பவ்யா பயந்துபோய் அவள் தோளைப் பிடித்தாள்.

“அக்கா, லாரி எங்க போச்சுன்னு கேக்கட்டுமா?”

“வேணாம்டி. போட்டும்,” என்றாள் சிவசங்கரி. “அம்மா, மூணு டீ போடுங்க.”

டிரைவர் ஹாரன் அடித்தார். மூவரும் ஊதி ஊதிக் குடித்தார்கள்.