மறுபடி எடுக்கவும்

இருபத்திரண்டு வருடமாக மருத்துவமனையில் எக்ஸ்ரே எடுக்கிறேன். "படம் சரியாக விழவில்லை, மறுபடி எடுக்கவும்" என்று டாக்டர்கள் என்னிடம் திருப்பி அனுப்பியதை விரல் விட்டு எண்ணிவிடலாம். இதை வீட்டில் நான் சொல்லிச் சொல்லி என் மகளுக்குக் காது புளித்துவிட்டது.

அந்த மகளின் முகம் தெரிகிற படம் ஆறு வருடமாக ஒன்றுகூட என்னிடம் இல்லை. போனில் முந்நூறு இருக்கும். எல்லாவற்றிலும் முகத்துக்கு முன்னால் ஒரு கை. பன்னிரண்டு வயதில் ஆரம்பித்த வியாதி. நான் போனைத் தூக்கினால் அவள் கை எழும்பிவிடும். இப்போது பதினெட்டு. ஞாயிற்றுக்கிழமை காலை கல்லூரி விடுதிக்குக் கிளம்புகிறாள். போன வாரச் சண்டையில், "இனி வருஷக் கடைசியிலதான் வருவேன்" என்று வேறு சொல்லியிருந்தாள். அது எனக்கு நெஞ்சில் முள்ளாகக் கிடந்தது. அவள் போவதற்குள் கை மறைக்காத முகம் ஒன்று எனக்கு வேண்டும்.

அதற்காகத்தான் அந்தப் பெரிய பிலிம் கேமராவை வாங்கினேன். மூன்று கால் ஸ்டாண்டு, மடிப்பு மடிப்பாக நீளும் பெட்டி, தலையோடு போர்த்திக்கொள்ளக் கறுப்புத் துணி. இதில் திருட்டுத்தனமாக எடுக்கவே முடியாது. கேட்டு, உட்காரவைத்துத்தான் எடுக்க முடியும். அதனால்தான் அவளும் ஒத்துக்கொண்டாள்.

"எத்தனை பிலிம் இருக்கு?" என்றாள்.

"நாலு."

"அப்ப நாலு தடவை. அஞ்சாவது கெடையாது."

பழைய கேமரா விற்கும் கடைக்காரர், பிரித்த பெட்டியில் மீதியிருந்த நாலு பிலிமைக் கொடுத்துவிட்டு, எப்படி மாட்டுவது என்று சொல்ல ஆரம்பித்தார். "தெரியும், தெரியும்" என்று வாயை அடைத்துவிட்டேன். நான் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் எக்ஸ்ரேக்கும் பிலிம்தான். அதில் பழம் தின்று கொட்டை போட்டவளுக்கு இவர் பாடம் எடுக்கிறாராம்.

வெள்ளிக்கிழமை மாலை, வெளிச்சம் புகாத கறுப்புப் பைக்குள் இரண்டு கையையும் நுழைத்து, பிலிம்களை, கேமராவின் பின்னால் மாட்டும் மூடி போட்ட சட்டங்களில் செருகினேன். ஒவ்வொன்றின் மூலையிலும் விரலில் ஏதோ தட்டுப்பட்டது. எலி கொறித்த மாதிரி சின்னச் சின்ன வெட்டு. நல்ல பிலிம் என்று சொல்லித் தலையில் கட்டிவிட்டானே பாவி என்று திட்டிக்கொண்டே செருகினேன். எந்தப் பக்கம் முன்னால் என்று நான் யோசிக்கவே இல்லை. எங்கள் எக்ஸ்ரே பிலிமுக்கு இரண்டு பக்கமும் மருந்து பூசியிருக்கும். எப்படிப் போட்டாலும் படம் விழும்.

சனிக்கிழமை காலை ஜன்னலோரம் நாற்காலி போட்டு அவளை உட்காரவைத்தேன். துணிக்குள் தலையை விட்டால், பின்பக்கக் கண்ணாடியில் மகள் தலைகீழாகத் தொங்கினாள். கேமராவை இந்தப் பக்கம் திருப்பினால் அவள் அந்தப் பக்கம் ஓடினாள். கண் தெளிவானால் காது மங்கியது. ஸ்டாண்டின் ஒரு கால் வழவழத் தரையில் சறுக்கிக்கொண்டே இருந்தது. துணிக்குள் எனக்கு வியர்த்துக் கொட்டியது.

"அம்மா, மூக்கு அரிக்குது."

"சொறியாத. பொறு."

"இருபது நிமிஷமா பொறுத்துட்டுதான இருக்கேன்?"

"எலும்பு முறிஞ்சவங்களே என் முன்னால அசையாம படுத்திருப்பாங்க. உனக்கு என்னடி கேடு?"

சொன்ன பிறகு நாக்கைக் கடித்துக்கொண்டேன். அவள் எழுந்து போய்விடுவாள் என்று பயந்தேன். போகவில்லை. ஒரு வழியாகச் சட்டத்தை மாட்டி, மூடியை உருவி, பக்கத்தில் நின்று பொத்தானைப் பிடித்தேன். பழக்க தோஷம், வாய் தானாகச் சொன்னது: "மூச்சை நல்லா இழுங்க... அப்படியே பிடிங்க... ம், விடுங்க."

அவளுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. நாலு தடவையும் சிரித்தாள். நாலு தடவையும் அவள் கை மடியில்தான் இருந்தது.

மதியம் குளியலறை ஜன்னலை அட்டையால் அடைத்து, கதவிடுக்கில் போர்வையைத் திணித்து, மூன்று தட்டுகளில் மருந்து ஊற்றினேன். விளக்கைக் கழற்றிவிட்டு, படிக்கிற காலத்தில் நாங்கள் செய்தது போல ஒரு சிவப்பு பல்பைப் போட்டேன். எக்ஸ்ரே பிலிமைச் சிவப்பு வெளிச்சம் ஒன்றும் செய்யாது. கண்ணெதிரில் விலா எலும்பு ஒவ்வொன்றாக எழும்பி வருவதைப் பார்த்துப் பழகியவள் நான்.

முதல் பிலிமை மருந்தில் போட்டேன். எதுவும் எழும்பவில்லை. மொத்தமும் அப்படியே கறுத்தது, அடுப்பில் மறந்த தோசை மாதிரி. மருந்து சூடு அதிகம் என்று ஆறவைத்து இரண்டாவதைப் போட்டேன். அதுவும் கரி. தண்ணீர் சரியில்லை என்று மாற்றினேன். மூன்றாவதும் கரி. கடைக்காரரை, மருந்தை, குழாயை, அந்தக் கேமராவைக் கண்டுபிடித்தவனை எல்லாம் வாய்க்கு வந்தபடி திட்டினேன். தட்டைத் தூக்கிச் சுவரில் அடிக்கலாம் போல இருந்தது.

"ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னு சொன்னாளாம்," என்று கதவுக்கு வெளியிலிருந்து குரல் வந்தது. "அம்மா, இந்தப் பிலிம் பெட்டியில என்ன போட்டிருக்குன்னு பாத்தியா?"

"என்ன போட்டிருக்கு?"

"முழு இருட்டுல மட்டும்தான் வெளிய எடுக்கணுமாம். எந்தக் கலர் லைட்டும் கூடாதாம். உள்ள இருக்கிற தாள்ல இன்னொண்ணு போட்டிருக்கு. ஒரு பக்கம்தான் மருந்து பூசியிருக்காம். பிலிமை நிமிர்த்திப் பிடிச்சா, மூலையில இருக்கிற வெட்டு வலது பக்கம் மேல வரணுமாம். அப்பதான் மருந்துப் பக்கம் நம்மளப் பாக்குமாம்."

எலி கொறித்தது என்றேனே, அதுதான் அடையாளம். மூன்று சிரிப்பை என் கையாலேயே கொளுத்திவிட்டு, ஊரெல்லாம் குற்றம் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறேன்.

நாலாவது பிலிம் இன்னும் சட்டத்துக்குள் மூடியோடு பத்திரமாக இருந்தது. மகள் போனில் அலாரம் வைத்து அதைக் கதவுக்கு வெளியே விட்டுவிட்டு உள்ளே வந்தாள். சிவப்பு பல்பை அணைத்தேன். கண்ணைத் திறந்தாலும் மூடினாலும் ஒரே கறுப்பு. பிலிமைச் சட்டத்தில் கிடந்த நிலையிலேயே விரலால் தடவினேன். வெட்டு இடப்பக்கம் இருந்தது. மருந்தில்லாத பக்கத்தைக் காட்டிச் செருகியிருக்கிறேன், வெளிச்சம் மருந்தை அரைகுறையாகத்தான் எட்டியிருக்கும். அவளிடம் சொல்ல வாய் வரவில்லை. மருந்தில் போட்டுத் தட்டை மெல்ல ஆட்டினேன்.

அவள் முகம் தெரியாத தைரியத்தில் கேட்டேன். "ஏண்டி எப்பவும் கைய வெச்சு மறைக்கிற?"

தட்டை ஆட்டுவதை நான் நிறுத்தவில்லை.

"நீ பாக்கிற பார்வை அப்படிம்மா. எங்க முறிஞ்சிருக்குன்னு தேடுற மாதிரியே பாப்ப."

சுருக்கென்றது. இல்லை என்று சொல்லத்தான் நினைத்தேன். அது பொய்யாகிவிடும்.

"அப்ப இன்னிக்கு?"

"இன்னிக்கு நீ அந்தப் பெட்டியோட மல்லுக்கட்டிட்டு இருந்த. என்னைத் தேடவே இல்ல. அதான் சிரிப்பு வந்துச்சு."

அலாரம் அடித்தது. பிலிமை அடுத்தடுத்த தட்டுகளுக்கு மாற்றி, இன்னும் பத்து நிமிடம் பொறுத்து, கதவைத் திறந்தேன்.

கூடத்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தால் வெறும் கண்ணாடித் தாள் மாதிரி இருந்தது. "ஒண்ணுமே இல்லையே" என்றாள் மகள். ஆனால் நிழலைப் படித்துத்தான் நான் சம்பளம் வாங்குகிறேன். சாய்த்துப் பிடித்தேன். நாற்காலி முதுகு தெரிந்தது. மடியில் ஜன்னல் வெளிச்சம் விழுந்த இடத்தில், ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு கை. விரல்கள்கூட லேசாகத் தெரிந்தன. அதற்கு மேலே முகம் இருக்க வேண்டிய இடத்தில் சாம்பல் நிறத் திட்டு. கண் இல்லை, வாய் இல்லை. ஆறு வருடத்தில் முதல் தடவையாக அவள் கொடுத்த முகத்தை நான் வாங்கத் தெரியாமல் கீழே போட்டுவிட்டேன். அழுகை வந்தது. ஆத்திரத்தில் வந்த அழுகை, மறைக்க முடியவில்லை.

மருத்துவமனையில் மிஞ்சிய காகித உறைகள் வீட்டில் கிடந்தன. பிலிம் காய்ந்ததும் ஒன்றில் போட்டேன். உறைமேல் அச்சடித்த கட்டங்களைக் கை தானாக நிரப்பியது. வயது: பதினெட்டு. பகுதி: முகம். குறிப்பு என்ற இடத்தில் பேனா கொஞ்சம் நின்றது. பிறகு எழுதினேன்: சரியாக விழவில்லை. மறுபடி எடுக்கவும்.

தோளுக்குப் பின்னால் நின்று மகள் அதைப் படித்தாள். என் மேசைக்கு எதிரில் சீட்டைப் பிடித்துக்கொண்டு நிற்பவர்கள் கேட்பார்களே, அதே குரலில் கேட்டாள்.

"மறுபடி எப்ப வரணும், மேடம்?"

திரும்பிப் பார்த்தேன். சிரித்துக்கொண்டு நின்றாள். முகத்தில் கை இல்லை. என்னிடம்தான் பிலிம் ஒன்றுகூட மிச்சமில்லை.