உட்பிரிவு எழுந்துவிட்டார்

அவர் பேச எழுந்தால் மன்றத்தின் உணவகத்தில் அடுப்பு பற்றிக்கொள்ளும். "உட்பிரிவு எந்திரிச்சுட்டார்!" என்று நடைக்கூடத்தில் யாராவது ஓர் உறுப்பினர் சொன்னால் போதும், ஆளுங்கட்சி எதிர்க்கட்சி என்ற பேதமில்லாமல் எல்லாரும் தேநீருக்குக் கிளம்பிவிடுவார்கள். நாட்டில் வேறெந்த விஷயத்திலும் அப்படியொரு ஒற்றுமை வந்ததில்லை. மிஞ்சுவது எழுந்து போக முடியாத சபாநாயகர், பதில் சொல்லியாக வேண்டிய நிதியமைச்சர், சம்பளத்துக்கு எழுதும் சுருக்கெழுத்தாளர், அவ்வளவுதான்.

பொது நிதி என்று வந்துவிட்டால் அவருக்குச் சோறு தண்ணீர் வேண்டாம். பேச்சு எங்கே தொடங்கினாலும் ஏதாவதொரு சட்டத்தின் உட்பிரிவில் போய்ப் படுத்துக்கொள்ளும். பட்டப்பெயர் அப்படி வந்ததுதான்.

அவருடைய மனைவி மட்டும் எழுந்து போனதில்லை. எங்கே போவாள், ஒத்திகை நடப்பதே அவளுடைய சமையலறையில். அவர் ஃபிரிட்ஜைச் சபாநாயகராக நினைத்துக்கொண்டு அதன் முன்னால் நிற்பார். அது நடுவில் உறுமினால், "அவைத் தலைவரே குறுக்கிடலாமா?" என்று கோபித்துக்கொள்வார். வெங்காயம் நறுக்கும் அவள் கண்ணில் நீர் வழியும்.

"பார்த்தியா, உனக்காவது மனசு உருகுது."

"வெங்காயங்க."

இத்தனை வருடமாக அவர் கேட்டது ஒன்றே ஒன்று. அரசாங்கம் இஷ்டத்துக்குச் செலவழித்துவிட்டு அப்புறம் தலையைச் சொறிந்துகொண்டு மன்றத்தில் ஒப்புதல் கேட்கும் பழக்கம் ஒழிய வேண்டும். மக்கள் பணத்தில் கை வைக்குமுன் மன்றத்தைக் கேட்க வேண்டும். "எலிக்குச் சோறு போடலாமான்னு, எலி தின்னு முடிச்சப்புறம் கேட்கிறாங்க" என்பார். அடிமேல் அடி வைத்தால் அம்மியும் நகரும் என்பார்கள், மன்றமும் நகர்ந்தது. தீர்மானத்துக்குக் கை தூக்குவதாகப் பாதிக்கு மேற்பட்டவர்கள் ஒப்புக்கொண்டார்கள். கொள்கைப் பிடிப்பு ஒன்றுமில்லை. நிறைவேறிவிட்டால் மனிதர் அதைப் பற்றி இனிப் பேச மாட்டார் அல்லவா?

கூட்டத்தொடரின் கடைசி நாளில் வாக்கெடுப்பு. அன்றோடு மன்றத்தின் ஆயுளே முடிகிறது. அன்று தவறினால் தீர்மானமும் காலாவதி.

அதற்கு முந்தைய வாரம், காலையில் செருப்பு மாட்டக் குனிந்தவர் நிமிரவில்லை.

தகனம் முடிந்தபின் ஒரு மாலை சபாநாயகரும் நிதியமைச்சரும் வீட்டுக்கு வந்தார்கள். கூடத்தில் அவருடைய படத்துக்கு எதிரே உட்கார்ந்தார்கள். மகள் தேநீர் கொண்டுவந்து வைத்தாள்.

"கவலைப்படாதீங்க அம்மா. அவருக்கு ஒரு குறையும் வைக்க மாட்டோம். கடைசி நாள் அவை கூடுது இல்லையா? மரபுப்படி இரங்கல் தீர்மானம் போட்டு, அன்னைக்கு முழுக்க அவையை ஒத்திவெச்சிடுவோம்" என்றார் சபாநாயகர்.

அவள் நிமிர்ந்தாள். "அன்னைக்குத்தானே இவரோட தீர்மானம்?"

நிதியமைச்சர் கைக்குட்டையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். துடைக்கும் அளவுக்கு அங்கே ஒன்றும் இல்லை. "அண்ணனே போயிட்டார், தீர்மானம் என்ன பெரிய தீர்மானம் அண்ணி? அவருக்கு மரியாதை முக்கியம் இல்லையா? அரைநாள் ஒத்திவைக்கலாம்னாங்க. நான்தான் சண்டை போட்டு முழுநாள் ஆக்கினேன்."

ஆடு நனைகிறதே என்று ஓநாய் அழுத கதை அவளுக்குத் தெரியாதா? மன்றத்தைக் கேட்காமல் செலவழிப்பதில் முதல் ஆள் இவர்தான். கை தூக்குவதாக ஒப்புக்கொண்டவர்களும் இனித் தூக்க மாட்டார்கள். யாருடைய வாயை மூடக் கை தூக்க நினைத்தார்களோ, அந்த வாய்தான் மூடிவிட்டதே.

"வழிமொழிஞ்சவர் இருக்காரே. அவர் எடுத்துக்கலாமே?"

"எடுத்துக்கலாம்" என்றார் சபாநாயகர் சங்கடத்துடன். "ஆனா அவை நடந்தாத்தானே அம்மா? மரபை மீறி நான் மட்டும் நடத்த முடியாது. உறுப்பினர்களே ஒத்திவைக்க வேணாம்னு சொன்னாத்தான் உண்டு."

அவள் படத்தைப் பார்த்தாள்.

"ஒத்திவெச்சதும் எல்லாரும் எங்க போவீங்க?"

"இங்கதான் அண்ணி!" என்றார் நிதியமைச்சர் உற்சாகமாக. "எல்லாக் கட்சியும், மொத்தமா வருவோம். அதுவும் மரபு."

"வாங்க, வாங்க. நாற்காலி போட்டு வைக்கிறேன்." அவள் எழுந்து உள்ளே போய் ஒரு தகரப் பெட்டியையும் பழைய டேப் ரிக்கார்டரையும் எடுத்துவந்தாள். "உங்களுக்காகவே ஒண்ணு வெச்சிருக்கேன். இவர் வீட்டுல பேசிப் பார்த்தது. இந்தத் தீர்மானத்தைப் பத்தி மட்டுமே மூணு மணி நேரம் வரும்."

அவள் பொத்தானை அழுத்தினாள்.

"மதிப்பிற்குரிய சபாநாயகர் அவர்களே, நிதிச் சட்டத்தின் ஒன்பதாம் பிரிவை எடுத்துக்கொண்டால், அதன் உட்பிரிவுக்குள் போகுமுன், அந்த உட்பிரிவின் வரலாற்றை..."

சபாநாயகரின் கை பழக்கதோஷத்தில் மணியைத் தேடி நீண்டு தேநீர்க் கோப்பையைத் தட்டிவிட்டது. நிதியமைச்சர் இருக்கையை விட்டுப் பாதி எழுந்து, எழுந்தது தெரிந்ததும் உட்கார்ந்தார்.

அவள் நிறுத்தினாள். தகரப் பெட்டியின் மூடிமேல் கையை வைத்துக்கொண்டாள்.

"முழுசாப் போடறேன். ஒரு நாளும் முழுசாக் கேட்டதில்லைன்னு அவருக்கு ரொம்பக் குறை. இங்க உணவகமும் இல்லை. அதோட சாவு வீட்டுல பாதியில எந்திரிச்சுப் போறது நல்லா இருக்காது, இல்லையா தம்பி?"

"இருக்காது அண்ணி" என்றார் நிதியமைச்சர். இந்த முறை கைக்குட்டைக்கு வேலை இருந்தது. நெற்றி வேர்த்திருந்தது.

செய்தி அன்றைக்கே எல்லாக் கட்சி அலுவலகங்களுக்கும் போய்விட்டது. யார் சொல்லிப் போனதோ தெரியாது, வாசலில் காத்திருந்த சபாநாயகரின் ஓட்டுநர்தான் பரப்பினார் என்றும் சொன்னார்கள்.

கடைசி நாள் அவள் மகளோடு பார்வையாளர் மாடத்தில் உட்கார்ந்தாள். கீழே ஓர் இருக்கைகூடக் காலியில்லை, அவருடையதைத் தவிர. இரங்கல் உரைகள் முடிந்து, எழுந்து நின்று மௌனமும் காத்தார்கள். நிதியமைச்சர் ஒத்திவைப்பைப் பற்றி வாயைத் திறக்குமுன் எதிர்க்கட்சித் தலைவர் குதித்தெழுந்தார்.

"அன்னாருக்கு நாம் செய்யும் உண்மையான அஞ்சலி, அவர் விட்டுச் சென்ற பணியை இந்த அவையிலேயே, இப்போதே முடிப்பதுதான்!"

"இப்போதே! இங்கேயே!" என்று ஆளுங்கட்சி வரிசையும் மேசையைத் தட்டியது. அவ்வளவு தட்டல் அவர் உயிரோடிருந்தவரை அவருக்குக் கிடைத்ததில்லை.

வழிமொழிந்தவர் தீர்மானத்தை எடுத்தார், அதிகம் பேசாமல். கைகள் உயர்ந்தன. நிதியமைச்சர் சுற்றிலும் பார்த்தார். பிறகு தன்னுடையதையும் மெல்லத் தூக்கினார். தீர்மானம் நிறைவேறியது.

பின்வரிசையில் யாரோ மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டு அவள் திரும்பினாள். உணவகக்காரர்.

"அவர் பேரைச் சொல்லி எல்லாரும் அவைக்குள்ளேயே உக்காந்திருந்தது இன்னைக்குத்தாம்மா" என்றார். "ஒரு டீ போகலை."

மாலையில் அவர்கள் வீட்டுக் கூடத்தில் நாற்காலிகள் வரிசையாகக் காத்திருந்தன. ஒருவரும் வரவில்லை. கட்சிக்கு ஒரு மாலை மட்டும் வந்தது, அதுவும் ஓட்டுநர்கள் கையில்.

மகள் நாற்காலிகளை அடுக்கினாள். பிறகு தகரப் பெட்டியைத் திறந்து ஒவ்வொரு கேசட்டாக எடுத்துப் பார்த்தாள். எல்லாம் பழைய பாட்டு. ரிக்கார்டரில் இருந்த ஒன்றை மட்டும் பின்னால் சுற்றிவிட்டு அழுத்தினாள். ஒன்பதாம் பிரிவு வந்தது. உட்பிரிவின் வரலாறு தொடங்கியது. நடுவே அம்மாவின் குரல்.

"போதும், சாப்பாடு ஆறுது. மிச்சத்தை நாளைக்குச் சொல்லுங்க."

"சரி, நாளைக்கு" என்றது அவர் குரல். பிறகு வெறும் இரைச்சல்.

"மூணு மணி நேரம்னு சொன்னியே அம்மா? எங்க?"

அவள் ஒரு நாற்காலியில் உட்கார்ந்தாள். "இருந்தா நல்லா இருக்கும்டி" என்றாள். "திரும்பப் போடு."