கிள்ளாமல் விட்ட காய்

கட்டிலின் தலைமாட்டை அவள் தூக்க, கால்மாட்டை நாத்தனார் தூக்கினாள். அவள் கணவரின் உடலை முன்னறையில் கிடத்தியாகிவிட்டது. வருகிறவர்கள் உட்காரக் கட்டிலை நகர்த்த வேண்டியிருந்தது. நகர்த்தியதும் சன்னலோரத் தொட்டியிலிருந்த வெள்ளரிக்கொடி முழுசாகத் தெரிந்தது. அடியிலைகள் மஞ்சளாகிக் கிடந்தன. நுனியில் பேருக்குக்கூட ஒரு பூ இல்லை.

"நான்தான் கொன்னுட்டேன்," என்றாள் அவள்.

"என்ன அண்ணி உளர்றீங்க?"

கணவனும் மனைவியுமாக இருபது வருடம் வெள்ளரி வளர்க்கும் பசுமைக் கூடாரத்தில் கூலிக்கு இருந்தவர்கள். ஒரு காயை முற்ற விட்டால் கொடி தன் சத்தையெல்லாம் அதன் விதைக்குக் கொட்டிவிட்டுக் கிழடு தட்டிப்போகும். பிஞ்சிலேயே கிள்ளினால் இன்னும் பல நாள் பச்சையாக நிற்கும். படுக்கையில் விழுந்த அன்று அவர் விளையாட்டாகச் சொன்னார்: "இந்தக் கொடி நிக்கிற வரைக்கும் நானும் நிப்பேன்டி."

அவள் அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள். தினமும் காலையில் ஒரு பிஞ்சு விடாமல் கிள்ளினாள். கொடி நின்றது. அவரும் நின்றார், பல்லைக் கடித்துக்கொண்டு.

"போதும், விட்டுடு. அது எவ்வளவு நாளைக்குத்தான் வெறுமனே நிக்கும்?" என்று போன மாதம் கேட்டார்.

"வாயைக் கழுவுங்க," என்று அதட்டிவிட்டுக் கிள்ளினாள்.

கடைசிப் பத்து நாள்தான் கொடிப்பக்கம் திரும்பவே நேரமில்லை; கிள்ளாமல் விட்டுவிட்டாள்.

"இங்க ஒண்ணு தொங்குது பாருங்க," என்றாள் நாத்தனார், சுவர்ப்பக்கம் குனிந்து.

அவர் போர்வை தொங்கி மறைத்திருந்த இடத்தில், முழங்கை நீளத்தில் பழுத்து நின்றது ஒரு வெள்ளரி. பத்து நாள் காய் இப்படிப் பழுக்காது. ஒரு மாதத்துக்கு மேல் இருக்கும். கனத்தில் ஒடியாதபடி காம்பைச் சணல் கயிறு தாங்கியிருந்தது. இரண்டு சுற்று, வாலை உள்ளே மடக்கிய இடதுகை முடிச்சு. கூடாரத்து மேஸ்திரி எத்தனை திட்டியும் அவர் மாற்றிக்கொள்ளாத முடிச்சு.

அவள் அதைத் தொட்டுப் பார்த்தாள். சிரிப்பு வந்துவிட்டது.

"திருட்டு மனுஷா! என் மூக்குக்குக் கீழயே ஒளிச்சு வளத்திருக்கியே!"

"அண்ணி! அண்ணனை நீ வா போங்கிறீங்க, வெளியில ஆளுங்க இருக்காங்க."

"இருக்கட்டும். அவனுக்குக் கேக்கட்டும்."

எல்லாம் முடிந்து ஆட்கள் போனபின், அந்தப் பழத்தை அறுத்து, விதைகளைக் கழுவி அவர் துண்டில் பரப்பினாள். பக்கத்திலேயே வெறும் தரையில் படுத்தாள். ஒரு காதைத் திறந்துவைத்தே தூங்கிப் பழகியவள், வெயில் முகத்துக்கு வந்தும் புரளவில்லை. சன்னலோரம், முடிச்சோடு விட்டிருந்த காம்பு மட்டும் காற்றில் லேசாக ஆடியது.