முப்பத்திரண்டு வருடம் தாமதமாக வந்த பால்

மாதவிலக்கு நின்று நான்கு வருடம் ஆன சுந்தரிக்கு, ஐம்பத்து நான்காவது வயதில், புரட்டாசி பிறப்பதற்கு இரண்டு நாள் முன்னால், ஒரு செவ்வாய்க்கிழமை காலை பத்தேகால் மணிக்குத் தாய்ப்பால் சுரந்தது. அன்று திருப்பதிக்குப் பக்கத்தில் அவர்கள் ஊரான புத்தூரின் மார்க்கெட்டில் தக்காளி கிலோ இருபத்திரண்டு ரூபாய், முருங்கைக்காய் ஒன்று ஐந்து ரூபாய். சுந்தரி அப்போது பீரோவைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டிருந்தாள். பீரோவுக்குள் பட்டுப்புடவைகளுக்கு அடியில் ஆறு பால்புட்டிகளும் மூன்று டப்பா பால்பவுடரும் இருந்தன. அவை அங்கே இருப்பது மருமகள் யாமினிக்குத் தெரியாது.

யாமினிக்கு அப்போது எட்டாம் மாதம். ஸ்ரீசிட்டியில் செல்போன் பாகங்கள் செய்கிற கம்பெனியில் சோதனைப் பிரிவில் வேலை, அதனால் எதையும் தாளில் எழுதி வைத்துத்தான் செய்வாள். ஐப்பசி முதல் ஞாயிறு நடக்கப்போகும் தன் வளைகாப்புக்கும் அவள் ஒரு தாள் எழுதியிருந்தாள். புட்டி, பவுடர், நிப்பிள் எதையும் பரிசாகக் கொண்டுவர வேண்டாம் என்று அழைப்பிதழில் ஒரு வரி போட வேண்டும். வீடு வீடாக வந்து தாய் சேய் நலம் பார்க்கிற ஆஷா பணியாளர் ஷோபா, பால் கொடுப்பதைப் பற்றிப் பத்து நிமிடம் பேசுவாள், ஆண்களும் பந்திக்கு ஓடாமல் உட்கார்ந்து கேட்க வேண்டும். வளையல் போட வருகிற ஒவ்வொருத்தியும், குழந்தை பிறந்த பிறகு தான் செய்யப்போகிற ஒரு வேலையைச் சொல்லிவிட்டுப் போட வேண்டும். ஒரு நாள் சமையல், ஒரு வாரம் துணி துவைப்பது, தாய் கண்ணயரும் நேரத்தில் குழந்தையை வைத்துக்கொள்வது, எதுவானாலும் சரி. தாய்க்குப் பால் கொடுப்பதைத் தவிர வேறு வேலை இருக்கக் கூடாது என்பதுதான் கணக்கு. மற்றதையெல்லாம் விழுங்கிய சுந்தரிக்கு இந்தக் கடைசி விஷயம் தொண்டையில் சிக்கிக்கொண்டது. "நம்ம ஊட்டுக்கு வந்தவங்கள ஒக்கார வச்சி சோறு போடுவாங்களா, வேலை வாங்குவாங்களா?" என்று மகன் கோவர்த்தனனிடம் கேட்டாள். அவன் பெண்டாட்டி பக்கமும் பேசாமல் அம்மா பக்கமும் பேசாமல் செல்போனைச் சார்ஜில் போட எழுந்து போனான். அந்த வீட்டு ஆண்கள் எல்லாருக்கும் கைவந்த கலை அது.

சுந்தரியைக் கெட்டவள் என்று சொல்லிவிட முடியாது. பேரக்குழந்தை பசியில் கிடந்துவிடுமோ என்ற பயம்தான் அவளைத் திருப்பதிக்கு பஸ் ஏற வைத்து, அந்தப் புட்டிகளை வாங்க வைத்தது. அவளுக்கே பால் இல்லாமல் போனது. கோவர்த்தனன் டப்பாப் பாலில் வளர்ந்தவன். இதை அவள் முப்பத்திரண்டு வருடமாக ஊருக்கெல்லாம் சொல்லி வந்திருந்தாள், தன் உயரத்தையும் நிறத்தையும் சொல்வதுபோல.

முதல் இரண்டு நாள் யாரிடமும் மூச்சு விடாமல் ரவிக்கை மாற்றிக்கொண்டே இருந்தாள். மூன்றாம் நாள் திருப்பதியில் ஒரு லேடி டாக்டரிடம் போனாள். இரத்தம் எடுத்தார்கள், ஸ்கேன் எடுத்தார்கள், எல்லாம் நார்மல் என்று கால்சியம் மாத்திரை எழுதிக் கொடுத்தார்கள். பால் வற்ற மல்லிகைப்பூவை மாரில் வைத்துக் கட்டுவது அந்தப் பக்கத்து வழக்கம். இரண்டு முழம் வாங்கிக் கட்டிப் பார்த்தாள், பால் கூடியதே தவிரக் குறையவில்லை. கடைசியில் புருஷன் தணிகாசலத்திடம் சொன்னாள். அவர் முப்பத்தைந்து வருடம் ரேணிகுண்டா ரயில்வே ஜங்ஷனில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். "வண்டி லேட்டு, அவ்ளோதான். கேன்சல் ஆவல," என்று சொல்லிப் பேப்பரைப் பிரித்தார். அதற்கு மேல் ஆராய அந்த வீட்டில் யாருக்கும் தோன்றவில்லை.

பால் எப்போது வருகிறது என்பதை சுந்தரி காலண்டரில் பென்சிலால் குறித்து வந்தாள். காலை பத்து மணி வாக்கில், மதியம் ஒன்றரைக்கு, சாயங்காலம் நாலரைக்கு. தெருவில் குழந்தைகள் அழுவதற்கும் அதற்கும் சம்பந்தமில்லை. புரட்டாசி இரண்டாம் சனிக்கிழமைதான் விஷயம் பிடிபட்டது. பெருமாளுக்குத் தளிகை போடுகிறவரை வீட்டில் பச்சைத் தண்ணீர் கிடையாது. அன்று விடிந்ததிலிருந்து பால் நிற்காமல் வடிந்தது, நான்கு ரவிக்கை நனைந்தது. மதியம் படையல் முடிந்து, இலை போட்டு, கோவர்த்தனன் முதல் கவளத்தை வாயில் வைத்தான். குழாயைத் திருகி மூடியதுபோலப் பால் நின்றது. சுந்தரி சாம்பார்க் கரண்டியைக் கீழே வைத்துவிட்டு ரவிக்கையைத் தொட்டுப் பார்த்தாள். திங்கட்கிழமை மறுபடி சுரந்தபோது அவன் வேலை செய்யும் ரேணிகுண்டா ஒர்க்‌ஷாப்புக்குப் போன் போட்டு, சாப்பிட்டாயா என்று கேட்டாள். "இன்னும் இல்லம்மா, மிஷின் நின்னுபோச்சி, பாத்துகினு கீறேன்," என்றான். போய்ச் சாப்பிடு என்றாள். பத்து நிமிடத்தில் பால் நின்றது. அவள் அடுக்களையில் அரிவாள்மணைக்கு எதிரே உட்கார்ந்து வெகுநேரம் அழுதாள்.

அழுததற்குக் காரணம் இருந்தது. கோவர்த்தனன் பிறந்த எட்டாம் நாள், அவன் இடைவிடாமல் அழுதபோது, மாமியார்க்காரி சுந்தரியின் பாலை உள்ளங்கையில் பீய்ச்சிப் பார்த்துவிட்டு, "தண்ணியாட்டம் கீது, இது எங்க பத்தும்?" என்றாள். சென்னையில் வேலையாக இருந்த கொழுந்தன் டப்பாப் பால் வாங்கி வந்திருந்தான். அந்தத் தெருவில் அதற்கு முன் யாரும் வாங்கியதில்லை, நாலு வீட்டுப் பெண்கள் வந்து டப்பாவைக் கையில் எடுத்துப் பார்த்துவிட்டுப் போனார்கள். "எனக்கு இல்லியா அத்தே?" என்று சுந்தரி கேட்டாள், இல்லை என்றார்கள். அன்றைக்கே மல்லிகை வைத்துக் கட்டினார்கள். இருபத்திரண்டு வயதில் மார் கல்லாகி, ஜுரம் வந்து, ஐந்து நாள் வலியில் கிடந்தாள். இல்லாத பால் எப்படிக் கட்டும் என்று அவளும் கேட்கவில்லை, சுற்றி இருந்தவர்களும் கேட்கவில்லை.

வளைகாப்பு குறித்த நாளில் நடந்தது. ஏழு வகைச் சோறு, தாம்பூலம், நூற்றுப்பத்து பேர். ஷோபா பத்து நிமிடம் என்று ஆரம்பித்து இருபது நிமிடம் பேசினாள். பிறந்த குழந்தையின் வயிறு கோலிக்குண்டு அளவுதான், முதலில் வரும் சீம்பால் சொட்டுச் சொட்டாக இருந்தாலே போதும், பால் பெருக இரண்டு மூன்று நாளாகும், அதுவரை அடிக்கடி மாரில் போட வேண்டும், குழந்தை நனைக்கிற துணியை எண்ண வேண்டும், எடை பார்த்து டாக்டர் சொன்னால் மட்டும் பவுடரை யோசிக்கலாம் என்றாள். பிறகு பெண்கள் வளையல் போட வந்தார்கள். முதலில் கூச்சப்பட்டார்கள், அப்புறம் ஏலம் போல ஆகிவிட்டது. ஒருத்தி மூன்று நாள் ரசம் என்றாள், எதிர்வீட்டுத் தெலுங்குக்காரம்மா ஒரு வாரம் சமையல் என்றாள். யாமினியின் அம்மா தனபாக்கியம், ஏர்பேட்டிலிருந்து வந்தவள், நாற்பது நாளும் மகளை அடுப்படிப் பக்கம் விடமாட்டேன் என்றாள். கடைசியாக சுந்தரி வந்தாள். சந்தனம் பூசி, இரண்டு கையிலும் வளையலை ஏற்றிவிட்டு, "பால் பத்தலன்னு நான் சொல்ல மாட்டேன். சொல்றவங்கள உள்ள உட மாட்டேன்," என்றாள். கூட்டம் சிரித்தது. யாமினி சிரிக்கவில்லை, மாமியாரின் கையை விடாமல் பிடித்துக்கொண்டிருந்தாள். மறுநாள் சுந்தரி பீரோவைத் திறந்து, டாக்டர் பவுடர் எழுதிக் கொடுத்தும் வாங்க வசதியில்லாத வீட்டுக்குக் கொடு என்று எல்லாவற்றையும் ஷோபாவிடம் ஒப்படைத்தாள்.

கார்த்திகையில் திருப்பதி ஆஸ்பத்திரியில் பெண் குழந்தை பிறந்தது. இரண்டாம் நாள் மதியம் அது அழத் தொடங்கி நிறுத்தவில்லை. பக்கத்துக் கட்டில்காரிகள் ஆளுக்கொரு யோசனை சொன்னார்கள். வளைகாப்பில் அவ்வளவு பேசிய தனபாக்கியமே கலங்கிப்போய், "ஒரே ஒரு ஸ்பூன் பவுடர் கரைச்சி ஊத்தலாம் சம்பந்தி," என்று கெஞ்சினாள். யாமினி கண்ணீரோடு மாமியார் பக்கம் திரும்பினாள். "எனக்கு இல்லியா அத்தே?"

காலையிலிருந்து கோவர்த்தனன் மருந்துக்கும் ரசீதுக்கும் அலைந்து பட்டினி கிடந்தான். சுந்தரிக்கு ரவிக்கை நனைந்து முந்தானை வரை ஈரம். குழந்தையைத் தூக்கி மாரில் போட்டால் அந்த நொடியே அழுகை நின்றுவிடும். அவள் கைகள் கட்டில்வரை நீண்டும்விட்டன. அப்படிச் செய்தால் இந்தப் பெண்ணும் முப்பது வருடம் தனக்குப் பால் இல்லை என்று சொல்லிக்கொண்டு திரிவாள் என்று தோன்றியது. கைகளை இழுத்துக்கொண்டாள். அந்த வலி எட்டாம் நாள் வலியைவிடப் பெரிதாக இருந்தது. "கீதும்மா. ஒனக்குக் கீது. யார் சொல்றதையும் காதுல வாங்காத," என்று சொல்லி நர்சைக் கூட்டி வந்தாள். நர்ஸ் குழந்தையின் எடையையும் ஈரத்துணியையும் பார்த்து, பயமில்லை என்று சொல்லி, குழந்தையைத் திருப்பி வயிற்றோடு வயிறு சேர்த்து வைத்தாள். முதல் தடவை நழுவியது, இரண்டாம் தடவையும் நழுவியது. நான்காம் தடவை பிடித்துக்கொண்டது. குட்டித் தொண்டை விழுங்குகிற சத்தம் கேட்டதும் தனபாக்கியம் தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

சுந்தரி வராந்தாவுக்கு வந்தாள். கோவர்த்தனன் பெஞ்சில் இருந்தான்.

"போய் துன்னுட்டு வா."

"பசி இல்லம்மா."

"எனக்குத் தெரியும், பசிதான்." அவன் பக்கத்தில் உட்கார்ந்தாள். "ஒனக்கும் இருந்துச்சி நைனா. எனக்குப் பால் இல்லன்னு ஊரெல்லாம் சொன்னேனே, அது பொய்யி. இருந்துச்சி."

அவன் அம்மாவின் முந்தானை ஈரத்தைப் பார்த்தான். சாப்பிட்டாயா என்று இவ்வளவு நாளும் நேரம் தவறாமல் வந்த போன்களை நினைத்தான். எழுந்து கேன்டீனுக்குப் போய் ஆறு இட்லி சாப்பிட்டான். மூன்றாவது இட்லியிலேயே வராந்தாவில் பால் நின்றது.

குழந்தைக்கு இப்போது இரண்டு வயது முடியப் போகிறது. யாமினி போன மாதம்தான் பால் மறக்கடித்தாள். சுந்தரிக்கு இன்றும் சுரக்கிறது, ஆனால் பெரும்பாலும் ஒரு சொட்டு இரண்டு சொட்டோடு சரி. ரேணிகுண்டா ஒர்க்‌ஷாப்பில் மேனேஜர் கூட்டம் போட்டு இழுத்துக்கொண்டே போனால், ஒன்றரை மணி அடித்ததும் கோவர்த்தனன் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்து, எங்கம்மாவுக்கு நேரமாகிவிட்டது என்று சொல்லிச் சாப்பிடப் போய்விடுவான். முதலில் காரணம் கேட்டார்கள், சொன்னான். இப்போது கூட்டத்தை ஒன்றேகாலுக்கே முடித்துவிடுகிறார்கள்.